கொக்கியைப் பிடித்தவர்

காலை ஒன்பதரை மணிக்கு மாமா வீட்டுக் கூரையைக் கையில் வாங்கினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. பல் துலக்கியிருந்தார், டீ குடித்திருந்தார், சட்டை மட்டும் இன்னும் போட்டிருக்கவில்லை. கூடத்துத் தளத்தின் நடுவில் ஃபேன் மாட்டுவதற்காக ஒரு இரும்புக் கொக்கி விட்டிருந்தார்கள். அதை வலது கையால் எட்டிப் பிடித்தார். அந்தக் கையை அவர் எடுத்தது தலை முழுக்க நரைத்த பிறகுதான்.

அவரை மாமா என்று கூப்பிட முறை உள்ளவள் ஒருத்திதான், அவருடைய அக்கா மகள். அவள் பிறப்பதற்கு முன்பே தெரு அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. தபால்காரர், கண்ணாடிக் கடைக்காரர், அவரைவிடப் பத்து வயது மூத்த சலவைக்காரர், எல்லாருக்கும் அவர் மாமாதான். வழி கேட்டு வந்த அந்நியர்கள்கூட ஜன்னல் வழியாக அவரைப் பார்த்ததும் மாமா என்றே தொடங்கினார்கள். ஆகவே இந்த வரலாற்றிலும் அவர் மாமாதான்.

குடும்பத் தொழில் முட்டு. ஊரில் யார் வீடு கட்டினாலும், ஊற்றிய கான்கிரீட் இறுகும்வரை அதைக் கீழிருந்து தாங்கும் பலகைகளும் முட்டுக்கால்களும் இவர்களிடமிருந்துதான் போகும். மாமாவின் தாத்தா மரக்கால்களில் தொடங்கினார். அப்பா இரும்புக்கு மாறினார். அப்பாவைப் பெரிய மேஸ்திரி என்பார்கள். பேச்சு குறைவு, சத்தம் அதிகம். சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு முட்டு போய்ச் சேர வேண்டும் என்பது அவர் வைத்திருந்த ஒரே கொள்கை. அதனால் சொந்த வீடு கட்டத் தொடங்கியபோதும் அடுத்தவர்களின் தளங்கள் முந்திக்கொண்டன. ஊருக்கெல்லாம் முட்டுக் கொடுத்தவர் வீட்டுச் சுவர்கள் இரண்டு மழைக்காலம் மொட்டையாக நின்றன. ஒருவழியாகத் தளம் ஊற்றி, மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியபோது, அதே முட்டுகள் ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. தளம் இன்னும் இறுகாத பச்சை. வேறு யாராவது அந்த நிலையில் முட்டைப் பிரித்திருந்தால் பெரிய மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்திருப்பார். சொந்த வீடு என்பதால் பிரிக்கச் சொன்னார். சொந்த வீட்டுத் தளம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம்பினார்.

லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஓரத்து முட்டுகள் முதலில் போயின. பிறகு அறைகளில் நின்றவை. கடைசியாகக் கூடத்தின் நடு முட்டு. மாமா ஸ்டூல் மேல் ஏறி நின்று அதற்கு மேலிருந்த பலகையைக் கழற்றினார். பலகை விலகியதும் தளம் ஒரு சத்தம் எழுப்பியது. பெண் கேட்க வந்தவர் பேச்சைத் தொடங்குமுன் கனைப்பது போன்ற சத்தம். பிறகு சுவருக்கும் தளத்துக்கும் நடுவில், நான்கு பக்கமும், ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அந்த இடைவெளியில் எதிர்க்கடையில் தொங்கிய நீலத் தார்ப்பாயைப் பார்த்ததாக அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சுவர் இறங்குகிறது என்று பெரிய மேஸ்திரி கத்தினார். தளம் பின்னாலேயே வரும் என்று தெரிந்த ஆட்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். மாமா ஓடவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி ஓட நேரம் ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. கைக்கு எது எட்டியதோ அதைப் பிடித்தார். வெளிச்சக் கோடு மறைந்தது.

“பிடிச்சுட்டேன்பா,” என்றார். “நீங்க லாரியை அனுப்புங்க.”

லாரி போனது. பள்ளிக்கூடத் தளம் குறித்த நாளில் ஊற்றப்பட்டது. இன்றும் உறுதியாக இருக்கிறது.

அங்கே வேலை முடிந்து முட்டுகள் திரும்பி வந்ததும் கொக்கிக்கு இரு பக்கமும் இரண்டு முட்டுகளை நிறுத்தி, அடியில் ஆப்பு அடித்து இறுக்கினார்கள். பெரிய மேஸ்திரி தலையசைத்தார். மாமா பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். இரண்டு முட்டுகளும் பிடிமானம் இல்லாமல் ஆடி, ஒன்று ஜன்னல் பக்கமும் ஒன்று அக்காவுக்குக் கணவராக வரவிருந்த தச்சரின் காலிலும் விழுந்தன. நசுங்கவில்லை, வளையவில்லை, சும்மா சாய்ந்து விழுந்தன. தளம் ஆடுகிறது, அதனால்தான் முட்டு நிற்கவில்லை என்று பெரிய மேஸ்திரி முடிவு சொன்னார். மூன்று தலைமுறையாகப் பாரம் தாங்கிப் பிழைத்த குடும்பம். பாரம் என்றால் கீழே வருவது. வேறு பக்கம் போகும் பாரத்தை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. தச்சரின் கால் வீங்கியதால் அந்தச் சோதனை மறுபடி செய்யப்படவில்லை. மாமா மறுபடி இறுகப் பிடித்துக்கொண்டார்.

எதிர்க்கடை தார்ப்பாய் தைக்கும் கடை. லாரிகளுக்கும் படகுகளுக்கும் கூடாரங்களுக்கும் அங்கே தைப்பார்கள். அதை நடத்தியவர் அப்போது யாருக்கும் அத்தை இல்லை. ஆனாலும் குடும்பம் அவரைப் பற்றிப் பேசும்போது முதல் நாளிலிருந்தே தார்ப்பாய் அத்தை என்றுதான் பேசும். மாமாவுக்கும் அவருக்கும் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. வீடு முடிந்ததும் கல்யாணம் என்று இருந்தது. மாமா கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும் அத்தை கையில் பெரிய ஊசியோடு அப்படியே தெருவைத் தாண்டி வந்தார். கொக்கியைப் பார்த்தார். மாமாவின் தோளைப் பார்த்தார். ஸ்டூலைக் குனிந்து பார்த்தார்.

“இது கீழ வர்ற மாதிரி தெரியலையே,” என்றார். “லாரி கயிறு நாலு தரேன். கொக்கியில போட்டு, தரையில நாலு வளையம் அடிச்சு இழுத்துக் கட்டிடுங்க. அவர் போய்க் குளிக்கட்டும்.”

பெரிய மேஸ்திரி சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். விழுகிற கூரையை இழுத்துக் கட்டச் சொல்கிற பெண், நாளைக்குக் குழந்தை அழுதால் தொட்டிலைக் கவிழ்த்துப் போட்டுவிடுமே என்றார். ஆட்கள் சிரித்தார்கள். தச்சர் வீங்கிய காலோடு சிரித்தார். மாமாவும் சிரித்துவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பிழை அந்தச் சிரிப்பு என்று குடும்பத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள்.

அத்தை மற்றவர்களை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமாவை மட்டும் பார்த்தார்.

“நீங்க தெருவைத் தாண்டி வந்து என்னைக் கூப்பிடுங்க. அன்னைக்கு வரேன். அதுவரைக்கும் இந்த வாசப்படி ஏற மாட்டேன்.”

சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே இருந்தார்.

பிடித்தது பிடித்தபடி வாழ்க்கை நடந்தது. தச்சர் கொக்கிக்கு நேர் கீழே உயரமான கட்டில் ஒன்று செய்தார். இரவில் மாமா அதில் படுத்துக்கொள்வார். தூக்கத்தில் பிடி நழுவாமலிருக்க அக்கா ஒரு துண்டால் அவர் மணிக்கட்டைக் கொக்கியோடு சேர்த்துக் கட்டிவிடுவார். பகலில் கட்டில் விலகி ஸ்டூல் வரும். குளிக்க ரப்பர் குழாயும் சுற்றிலும் திரையும் உண்டு. மற்ற தேவைகளுக்கும் ஏற்பாடுகள் இருந்தன. அவை நன்றாகவே வேலை செய்தன என்பதைத் தவிர இங்கே சொல்ல ஒன்றுமில்லை. கூடத்தில் ஃபேன் இல்லை. கோடையில் விருந்தாளிகள் விசிறிக்கொண்டே மேலே பார்ப்பார்கள். கொக்கியில் மாமா இருப்பார். புகார் சொல்ல வாய் வராது.

கை வலிக்கவில்லையா என்று கேட்காத விருந்தாளி கிடையாது. கால்தான் வலிக்கிறது, கை பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கிறது என்பார். ஆயுள் காப்பீடு விற்க வந்த ஒருவர் நெடுநேரம் பேசிவிட்டு, இந்த வீட்டில் யாருக்கு எழுதுவது என்று குழம்பி, கடைசியில் தன் குடும்பத் தகராறு ஒன்றை மாமாவிடம் சொல்லி யோசனை வாங்கிக்கொண்டு போனார். அப்படி நிறையப் பேர் வந்தார்கள். எப்போது போனாலும் வீட்டில் இருக்கிற ஒரே மனிதர் என்று ஊரில் அவருக்குப் பெயர். இடது கையால் எழுதப் பழகினார். சவரம் செய்தார், பென்சில் சீவினார். பெரிய மேஸ்திரிக்குக் கண் மங்கிய பிறகு தொழிலை ஸ்டூலிலிருந்தே நடத்தினார். எந்தத் தளத்துக்கு எத்தனை முட்டு, எது எங்கே நிற்கிறது, எது எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. எந்தத் தளத்திலும் பச்சையாக இருக்கும்போது முட்டைப் பிரிக்க அவர் விட்டதில்லை. ஆட்கள் அவசரப்பட்டால் மேலே தன் கையைப் பார்ப்பார். அவர்கள் பேசாமல் போய்விடுவார்கள்.

அக்காவின் கல்யாணம் அந்தக் கூடத்தில்தான் நடந்தது. மாமாவைச் சுற்றி நாற்காலி போட்டார்கள். படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. மாமா அதில் இல்லை, கீழே இருந்தார். அத்தனை பேரும் மேலே நின்ற நேரம் முழுக்கத் தன் கை லேசாக இருந்ததாக அவர் பிற்பாடு சொன்னார். கொக்கியில் இரண்டு விரல் போதுமாக இருந்ததாம். அக்கா கல்யாணம் முடிந்த நிம்மதி, அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். மாமாவும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அக்காவுக்கு மகள் பிறந்தாள். மாமாவின் இடது தோளில்தான் வளர்ந்தாள். அவளுக்கு ஒற்றைக் கையால் ஜடை பின்னிவிடுவார். பின்னல் எப்போதும் இடது பக்கம் சாய்ந்திருக்கும். பள்ளியில் மற்ற பெண்கள் அது புது நாகரிகம் என்று நினைத்து அவர்களும் சாய்த்துப் பின்னிக்கொண்டார்கள். கூரையைக் கையில் பிடிக்காத மாமாக்களும் உலகத்தில் உண்டு என்று அவளுக்கு எட்டு வயதில்தான் தெரியவந்தது. ஒரு தோழியின் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, அவங்க மாமா சும்மா சோபாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று முகத்தைச் சுளித்தாள்.

கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே அத்தையின் கடை. முன்பு சுவர் பக்கம் இருந்த தையல் இயந்திரத்தை அத்தை வாசல் பக்கம் திருப்பிப் போட்டார். வெளிச்சத்துக்காக என்று சொல்லிக்கொண்டார். நடுவே தெரு. லாரிகள் போகும், சைக்கிள்கள் போகும். ஒரு லாரி போய் அடுத்தது வருவதற்குள் இருவரும் பேசிக்கொள்வார்கள். சாப்பிட்டாச்சா என்பது ஒரு லாரி. இல்லை, இனிமேல்தான் என்பது இன்னொரு லாரி. ஊடல் என்றால் அன்று முழுக்க நெரிசல் அதிகமாக இருந்ததாக இருவரும் சாதிப்பார்கள். வலது கை வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போனதால் மாமாவுக்குக் கடைச் சட்டை எதுவும் பொருந்தவில்லை. அத்தை தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தே கண்ணால் அளந்து, ஒரு கை நீளமாகவும் ஒரு கை சாதாரணமாகவும் தைத்து, அக்கா மகளிடம் கொடுத்தனுப்புவார். நூல் தார்ப்பாய்க்குப் போடும் முரட்டு நூல். அந்தச் சட்டைகள் கிழிந்ததே இல்லை. மாமாவுக்கு வயதாகிப் பழசானதுதான் உண்டு, சட்டைகள் பழசாகவில்லை.

வேறு இடத்தில் பெண் பார்க்கட்டுமா என்று அக்கா ஒருமுறை கேட்டார். மாமா ஜன்னலைப் பார்த்தார். அக்கா அதன் பிறகு கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒரு நாள், பாத்திரம் கழுவும்போது, யாரையும் பார்க்காமல் அக்கா சொல்வார். குழந்தை நடக்க ஆரம்பிக்கட்டும், வேறு வீடு பார்த்துவிடலாம். இது விழுந்தால் விழட்டும். பிறகு, படிப்பு முடியட்டும். பிறகு, அப்பா இருக்கும்வரை இருக்கட்டும். மாமா எல்லாவற்றுக்கும் சரி அக்கா என்பார். அவருக்குத் தெருவைத் தாண்ட வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே அந்தக் கூரைக்குக் கீழே சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், சண்டை போட்டார்கள்.

பெரிய மேஸ்திரி படுத்த படுக்கையானபோது கட்டிலைக் கூடத்தில் போடச் சொன்னார். மகனையும் கொக்கியையும் பார்த்தபடி சில வாரங்கள் கிடந்தார். சிரித்ததைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று அக்கா எதிர்பார்த்தார். கடைசி நாளில் அவர் மகனை அழைத்தார்.

“விடலாம்னு தோணிச்சுன்னா சொல்லிட்டு விடு. மேல துணி காயும்.”

அன்று மாலை அவர் போனார்.

அடுத்த வருடங்களில் மாமா மெலிந்தார். நன்றாகத்தான் சாப்பிட்டார், ஆனால் வயது அதன் பங்கை எடுத்துக்கொண்டது. ஒரு நாள் அக்கா மகள் ஸ்டூலைத் துடைக்கும்போது மாமாவின் பாதத்துக்கும் ஸ்டூலுக்கும் நடுவே துணி தடையில்லாமல் போய் வந்தது. கால் விரல் நுனி மட்டும் ஸ்டூலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, தரை இறங்குகிறது என்றார். ஸ்டூலுக்கு அடியில் செங்கல் வைத்தார்கள். அடுத்த கோடையில் இன்னொரு செங்கல். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே மறுபடி அந்த வெளிச்சக் கோடு தெரிந்தது. அதில் சிட்டுக்குருவி ஒன்று வைக்கோல் சொருகப் பார்த்தது. சுவரும் இறங்குகிறது என்று தச்சர் சொன்னார். மாமனாரிடம் கற்ற தொழில், வேறு எப்படிச் சொல்வார். நீ மேலே இழுக்கப்படுவது மாதிரி இருக்கிறதே என்று ஒருமுறை அக்கா சொல்லத் தொடங்கி, சிரிப்பார்களோ என்று நிறுத்திக்கொண்டார்.

அத்தைக்குக் கண் பார்வை குறைந்தது. ஊசியில் நூல் கோக்க அக்கா மகள் தினமும் போய் வந்தாள். தார்ப்பாய்களை இப்போது தொழிற்சாலையில் ஒட்டியே விற்றார்கள், தைப்பதற்கு ஆள் வருவது குறைந்தது. வேறு ஊரில் இருந்த தம்பி வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தை ஒரு நாள் சரி என்றார். இதை மாமாவிடம் அவரே சொன்னார், இரண்டு லாரிகளுக்கு நடுவில். புதன்கிழமை வண்டி வருகிறது என்றார். மாமா ஏதோ பதில் சொன்னார். அப்போது ஜல்லி ஏற்றிய லாரி போனது. என்ன சொன்னார் என்று அத்தைக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொல்லி அத்தை கேட்கவுமில்லை.

புதன்கிழமை வண்டி வந்தது. தையல் இயந்திரத்தை நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். அக்கா சமையலறையில் இருந்தார். ஹாரன் சத்தம் கேட்டதும் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா ஜன்னலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஜன்னலைப் பார்க்காமல் நின்றதை அக்கா அன்றுதான் பார்த்தார். உள்ளே போய் அடுப்பை அணைத்தார்.

“சாமானையெல்லாம் வெளிய எடுங்க,” என்றார் கணவரிடம்.

“எதுக்கு?”

“வீடு விழப்போகுது.”

தச்சர் மனைவியிடம் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவர். பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அக்கா மகள் மறுபக்கத்தைப் பிடித்தாள். தெரு வந்து சேர்ந்துகொண்டது. கண்ணாடிக் கடைக்காரர் நிலைக்கண்ணாடியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சலவைக்காரர் துணி மூட்டையைத் தூக்கினார். கட்டில், மேஜை, பாத்திரங்கள், பெரிய மேஸ்திரியின் படம், எல்லாம் தெருவோரத்தில் போய் நின்றன. எதிரே அத்தையின் சாமான்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. வழியில் போனவர்கள் இரண்டு வீட்டாரும் வீடு மாற்றிக்கொள்கிறார்கள் என்று நினைத்தார்கள். கடைசியில் கூடத்தில் ஸ்டூலும் செங்கல்களும் மாமாவும் மட்டும் மிச்சம்.

மாமா மறுத்தார். அக்காவுக்கு முழங்கால் வலி, அத்தானுக்கு வயசாகிவிட்டது, இந்த வயதில் யார் வீட்டில் போய் இருப்பார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, வீடு போயிடும்.”

“போகட்டும். நாமதானே கட்டினோம். இன்னொண்ணு கட்டத் தெரியாதா நமக்கு?”

“நீ வெளிய போ. நான் அப்புறம் ஓடி வரேன்.”

“உன்னால ஓட முடியுமாடா?”

மாமா யோசித்தார். முடியாது என்று தோன்றியது. அக்கா அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகத்தான் போவோம் என்று அதற்கு அர்த்தம். அப்போது மாமாவுக்கு அப்பா சொன்னது நினைவு வந்தது.

“மேல துணி காயுதா?”

“காயட்டும்.”

மாமா கொக்கியை விட்டார்.

தளம் கனைத்தது. பிறகு மேலே போனது. அவசரமில்லாமல், நீர்மட்டம் போலச் சமமாக, ஒரு மூலை முந்தாமல் ஒரு மூலை பிந்தாமல் எழுந்தது. கூடத்தில் முதலில் ஒரு கோடு வெயில் விழுந்தது, பிறகு ஒரு முழம், பிறகு முழு வெயில். அக்கா தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்திருந்தார். வெளிச்சத்தில் கண் கூசியதால் நிமிர்ந்து பார்த்தார். தெருவிளக்கின் உயரத்தைத் தாண்டி, எதிர் வரிசையிலேயே உயரமான கட்டடத்துக்குச் சமமாகப் போய்த் தளம் நின்றது. அதன் மேல் கட்டியிருந்த கொடியில் தச்சரின் சட்டையும் இரண்டு தலையணை உறைகளும் காற்றில் ஆடின. தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது. தச்சர் மட்டும், அப்படியானால் தரை இறங்கவில்லை என்றார்.

மாமா வாசலுக்கு வந்தார். அத்தனை வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்த தெரு பக்கத்தில் வந்து பார்க்க அகலமாக இருந்தது. வலது கை தலைக்கு மேல் தூக்கியபடியே இருந்தது. இறக்கப் பார்த்தார், இறங்கவில்லை. ஒரு சைக்கிளுக்கு வழி விட்டார். பிறகு இறங்கி நடந்தார். தூக்கிய கையைப் பார்த்து இந்தப் பக்கம் ஒரு லாரியும் அந்தப் பக்கம் ஒரு பேருந்தும் நின்றன. போக்குவரத்துப் போலீஸ்காரர் என்று நினைத்துவிட்டார்கள். நின்ற வண்டிகளுக்கு நடுவே மாமா நிதானமாகத் தெருவைத் தாண்டினார். கடைக்கு முன்னால் நின்ற வண்டியில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், மடியில் கத்தரிக்கோல் பெட்டியோடு அத்தை உட்கார்ந்திருந்தார்.

“வரியா?” என்றார் மாமா.

அத்தை அவரைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி மேலே தளத்தைப் பார்த்தார். எவ்வளவு பார்வை குறைந்திருந்தாலும் அது தெரிந்தது.

“அன்னைக்கே சொன்னேன்,” என்றார். “இழுத்துக் கட்டுங்கன்னு.”

இறங்குவதற்குக் கை நீட்டினார். ஓட்டுநர் சாமானை இறக்கணுமா என்று கேட்டார். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. எல்லாரும் தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலைக்குள் வீட்டுக்குக் கூரை வந்துவிட்டது. கடையில் மிச்சமிருந்த நீலத் தார்ப்பாய்களை அத்தை ஒன்றாகத் தைத்தார். அக்கா மகள் நூல் கோத்துக் கொடுத்தாள். தரையில் வளையம் அடித்து, லாரி கயிறு போட்டு, எந்த முடிச்சு எங்கே வர வேண்டும் என்று அத்தை சொல்லச் சொல்லத் தச்சர் கட்டினார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அது எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. குடும்பத் தொழிலில் அந்த வருடத்திலிருந்து முட்டோடு கயிறும் சேர்ந்தது. தளம் ஊற்ற முட்டுக் கேட்டு வருபவர்களிடம், கீழேயா மேலேயா என்று அக்கா மகள் விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவாள். மேலே என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனாலும் கேட்பது நல்லது.

தளத்துக்குப் போட்ட ஜல்லி எங்கிருந்து வந்தது என்று சிலர் வந்து விசாரித்தார்கள். எல்லா வீட்டுக்கும் வந்த இடத்திலிருந்துதான் வந்தது. நகர அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி இதை மாடி என்று எழுதுவதா கூரை என்று எழுதுவதா என்று புரியாமல் நெடுநேரம் நின்றார். படிக்கட்டு அதுவரை எட்டாததால் மாடி இல்லை என்று முடிவு செய்துவிட்டுப் போனார். கோடையில் தளத்தின் நிழல் காலையில் கண்ணாடிக் கடை மேலும் மாலையில் சலவைக்காரர் வீட்டு மேலும் விழும். இருவருமே அதற்குப் பழகிவிட்டார்கள். மேகம் மறைத்த நாளில் நிழல் எங்கே என்று கேட்டார்கள். சிட்டுக்குருவி கொக்கியில் கூடு கட்டியது. ஒருமுறை தச்சர் நீளமான கயிற்றை எறிந்து கொக்கியில் மாட்டி, சட்டையையாவது இறக்கலாம் என்று பார்த்தார். மாமா வேண்டாம் என்றார். நான் விட்டதை நீங்க எதுக்கு அத்தான் பிடிக்கறீங்க என்று சிரித்தார்.

மாமாவும் அத்தையும் தார்ப்பாய்க்குக் கீழே நீல வெளிச்சத்தில் வாழ்ந்தார்கள். மழை பெய்தால் பேச்சு கேட்காது. தெருவில் பழகிய குரலில் பேசிக்கொள்வார்கள். தினமும் காலையில் அத்தை கடைக்குப் போவார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும் என்று ஏதாவது தைத்துக்கொண்டிருப்பார். மாலையில் மாமா தெருவைத் தாண்டிப் போய் அழைத்து வருவார். அதற்கு அவசியமே இல்லை, அத்தைக்கு வழி தெரியும். ஆனால் தாண்டுவதை மாமா ஒரு நாளும் விடவில்லை. கையைத் தூக்கியபடி அவர் இறங்கினால் வண்டிகள் நிற்கும். அந்தத் தெருவில் குழந்தைகளைத் தனியாக அனுப்பப் பயந்தவர்கள், மாமா தாண்டும் நேரம் பார்த்து அனுப்பினார்கள். அவர் ஊரெல்லாம் போய் வந்தார். தன் தலைக்குள் மட்டுமே பார்த்திருந்த தளங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கும் போனார். வகுப்பறையில் அண்ணாந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று ஆசிரியையிடம் சொன்னார். கை தூக்கியிருந்ததால் ஏதோ கேள்வி கேட்கப்போகிறார் என்று அவர் காத்திருந்தாராம்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் மாமா பகல் தூக்கத்தில் இறந்தார். வலியில்லை. இறந்த பிறகுதான் வலது கை இறங்கியது. மெதுவாக, தானாக, அத்தையின் மடியில் வந்து விழுந்தது. நான்கு பேர் தூக்க வந்தார்கள். இரண்டு பேர் போதும் என்று தெரிந்து மற்ற இருவர் ஓரமாக நடந்தார்கள்.

மறுநாள் காலை அத்தை வழக்கம் போலக் கடைக்குப் போனார். அக்கா தடுக்கவில்லை. இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார், எதுவும் தைக்கவில்லை. மாலையில், மாமா வருகிற நேரத்துக்கு, தளம் தன் இடத்தை விட்டு நகர்ந்தது. வீட்டின் மேலிருந்து புறப்பட்டு, மின்கம்பிகளுக்கு மேலாக, சமமாக, அவசரமில்லாமல் தெருவைத் தாண்டியது. ஒரு லாரியும் இரண்டு சைக்கிள்களும் நின்று வழிவிட்டன. கண்ணாடிக் கடைக்காரர் வெளியே தொங்கிய கண்ணாடிகளை எடுத்து உள்ளே வைத்தார். சலவைக்காரர் வீட்டில் நிழல் போய் வெயில் வந்தது. தெருவின் இந்தப் பக்கத்தில் அக்காவும் தச்சரும் மகளும் வாசலில் நின்று பார்த்தார்கள். தச்சருக்குத் தன் சட்டை தெரிந்தது, நன்றாகக் காய்ந்திருந்தது. தளம் கடை வாசலுக்கு மேலே வந்து, கம்பிகளுக்குப் படாமல் பக்கவாட்டில் ஒதுங்கி, மெல்லக் கீழே இறங்கியது. கொக்கி அத்தையின் கை எட்டும் உயரத்துக்கு வந்ததும் நின்றது. அத்தை எழுந்து வாசலுக்கு வந்தார். கண்ணால் தேடவில்லை, கையை உயர்த்தினார், கொக்கி கையில் பட்டது. மாமா பிடித்துப் பிடித்து அது ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அத்தை அந்த இடத்திலேயே விரல்களை வைத்தார்.

“கூப்பிட வந்தீங்களா,” என்றார், “இல்ல, நானும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கணுமா?”